சேவற்கொடியோன் மலையில் காட்டுக்கோழிக்கு இடம் இருக்கா? பழனிமலைப் புல்வெளி பற்றி ஒரு பாடம்



நம்ம பாட வரிசையில வேல் பார்த்தாச்சு, மயில் பார்த்தாச்சு. இன்னைக்கு சேவல்.

சூரபத்மன் மாமரமா நின்னான், வேல் அதை ரெண்டா பிளந்தது, ஒரு பாதி மயிலாகி வாகனமாச்சு, இன்னொரு பாதி சேவலாகி கொடியில ஏறிச்சு. இந்தக் கதையை இங்க யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்க வர்றது வேற. அந்தச் சேவலோட சொந்தக்காரங்க இன்னைக்கும் காட்டுல உயிரோட திரியுறாங்க. அவங்க எங்க மேயுறாங்க? எங்க முட்டை வைக்கிறாங்க? அந்த இடம் இப்போ என்ன நிலைமையில இருக்கு? இதுக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்னு சிலருக்குத் தோணும். முழுசா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

கொடியில இருக்குறது எந்தக் கோழி

மேற்குத் தொடர்ச்சி மலையில வாழ்றது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இந்தியாவைத் தவிர வேற எந்த நாட்டுக் காட்டிலும் இது கிடையாது. சேவலைக் கிட்டத்துல பார்த்தா அசந்துடுவீங்க. கழுத்து இறகு ஒவ்வொண்ணுலயும் மெழுகு சொட்டு விட்ட மாதிரி மஞ்சளும் வெள்ளையுமா பொட்டுப் பொட்டா மின்னும். இந்த இறகுக்காகவே ஒரு காலத்துல இதை வேட்டையாடி ஐரோப்பாவுக்கு அனுப்பினாங்க. அங்க தூண்டில் போடுறவங்க மீனை ஏமாத்த பூச்சி மாதிரி ஒரு கொக்கி கட்டுவாங்க, அதுக்கு இந்த இறகுதான் வேணுமாம். வேட்டைப் பறவைன்னு இது பேர் வாங்கினதுக்கு கறி ஒரு காரணம்னா இறகு இன்னொரு காரணம்.

நம்ம வீட்டுக் கோழியோட முக்கிய மூதாதை ஆசியாவோட சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனா 2008-ல வெளியான ஒரு மரபணு ஆய்வு ஒரு சுவாரசியமான விஷயத்தைக் கண்டுபிடிச்சது. நாட்டுக்கோழியோட தோலும் காலும் மஞ்சளா இருக்குதே, அந்த மஞ்சளுக்கான மரபணு சிவப்புக் கோழிகிட்ட இருந்து வரல, நம்ம சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்தது. அதாவது உலகத்துல எந்த ஊர்ல மஞ்சள் கால் கோழியைப் பார்த்தாலும், அதுக்குள்ள தென்னிந்தியக் காட்டோட ஒரு துளி இருக்கு. ஊருக்கு ஊர் முருகன் கோயில்ல நேர்ந்து விடுற சேவலுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. ஐந்திணைக் கருப்பொருள் பட்டியலைப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்போம். குறிஞ்சிக்குத் தெய்வம் முருகன், பறவை கிளியும் மயிலும். அப்போ காட்டுக்கோழி? அது முல்லைப் பட்டியல்ல இருக்கு! குறிஞ்சித் தெய்வத்தோட கொடியில முல்லைப் பறவை. இலக்கணம் தப்பா போச்சுன்னு நான் நினைக்கல. பட்டியல் போட்டவங்க அந்தக் கோழியை நல்லா கவனிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். ஏன்னா காட்டுக்கோழி அடர்ந்த காட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்குற பறவை இல்லை. காடு முடிஞ்சு புதரும் புல்லும் ஆரம்பிக்குற ஓரத்துக்குக் காலையிலயும் சாயங்காலமும் வெளியே வந்து மேயும், சத்தம் கேட்டா உள்ள ஓடிடும். அதோட வாழ்க்கையே ஓரத்துல தான் இருக்கு.

அந்த 'ஓரம்' தான் இன்னைக்குப் பாடமே.

தரையில முட்டை வைக்கிறவங்க

காட்டுக்கோழி, சுண்டங்கோழி, காடை, கௌதாரி இதெல்லாம் ஒரே பெரிய குடும்பம். மயிலும் இதே குடும்பம் தான். எல்லாத்துக்கும் பொதுவான ஒரு பழக்கம், மரத்துல கூடு கட்டாது. புதர் அடியிலயோ புல்லுக்குள்ளயோ தரையைக் கொஞ்சம் கீறி, சருகு போட்டு, அதுல முட்டை வைக்கும். காட்டுக்கோழி பெரும்பாலும் பிப்ரவரியில இருந்து மே வரைக்கும், 4 முதல் 7 முட்டை. பெட்டை அடைகாக்கும்போது அதுக்கு ஒரே பாதுகாப்பு சுத்தி இருக்குற புல்லோட மறைவு மட்டும் தான்.

குஞ்சு பொரிஞ்ச அன்னைக்கே நடக்க ஆரம்பிச்சுடும். கிராமத்துல தாய்க்கோழி கரையானைக் கிளறிக் கொடுக்குறதைப் பார்த்தவங்களுக்கு அடுத்தது சுலபமா புரியும். பெரிய பறவை தானியம் தின்னும், ஆனா குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சி வேணும். கரையான், எறும்பு, வெட்டுக்கிளி, புழு. அந்தப் புரதம் இல்லாம இறகு முளைக்காது, உடம்பு தேறாது. அதனால ஒரு நிலத்துல தானியம் எவ்வளவு சிந்திக் கிடந்தாலும், அங்க பூச்சியே இல்லைன்னா அது காடைக்குஞ்சுக்குப் பட்டினி நிலம். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிச்ச வயல் பறவையைத் துப்பாக்கியால சுடுறதில்லை. அடுத்த தலைமுறையோட சாப்பாட்டை எடுத்துடுது, அவ்வளவு தான்.

ஆக மூணு தேவை: மறைஞ்சு உட்கார புல், குஞ்சுக்குப் பூச்சி, பெரிசுக்கு விதை. இந்த மூணும் நடந்து போற தூரத்துக்குள்ள இருக்கணும். ஏன்னா இதுங்க நீண்ட தூரம் பறக்காது, நடக்குற பறவைகள்.

பழனிமலைன்னா எது?

பழனிமலைன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது படிக்கட்டும் வின்ச்சும் ரோப் காரும் உள்ள அந்தக் குன்று. அது பாறைக்குன்று, சமவெளியில தனியா நிக்குது. அதுக்குத் தெற்கே பார்த்தா நீலமா ஒரு மலைச்சுவர் தெரியும் பாருங்க, அது தான் பழனிமலைத் தொடர். கொடைக்கானல் இருக்குறது அதுக்கு மேல, கடல்மட்டத்துல இருந்து 2000 மீட்டருக்கும் அதிகமான உயரத்துல. அந்தத் தொடர்ல இருந்து இறங்குற ஆறுகள் சேர்ந்தது தான் நாம குளிச்சுட்டு மலையேறுற சண்முகநதி. தண்டாயுதபாணியோட வீடு அந்தக் குன்றுன்னா, அவரோட தோட்டமும் தண்ணித்தொட்டியும் பின்னாடி இருக்குற தொடர்.

அந்த உயரத்துல இயற்கையா இருந்தது என்ன? பலரும் 'அடர்ந்த காடு'ன்னு சொல்வாங்க. இல்லை. பள்ளத்துலயும் ஓடைக்கரையிலயும் மட்டும் சோலைக்காடு, மத்தபடி கண்ணுக்கு எட்டின தூரம் புல்வெளி. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்குற நீலக்குறிஞ்சி நிக்குறதும் அந்தப் புல்வெளிச் சரிவுல தான். 2018-ல கடைசியா பெரிசா பூத்தப்போ படம் எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சவங்க நம்ம குழுவுலயே இருப்பீங்க. குறிஞ்சி ஆண்டவர்னு கொடைக்கானல்ல கோயில் இருக்கு. அந்தப் பேர்ல இருக்குற பூ, மரக்காட்டுப் பூ இல்லை, புல்வெளிப் பூ.

குறிஞ்சி இனத்துச் செடிகளும் மூங்கிலும் விதை உதிர்க்குற காலத்துல காட்டுக்கோழிகள் கூட்டமா அங்க வந்து சேரும்னு பழைய வேட்டைக் குறிப்புகள்ல இருக்கு. சுடுறதுக்கு வசதியா இருக்கும்னு தான் அதை எழுதி வெச்சிருக்காங்க, அது வேற விஷயம். சோலைக்கும் புல்லுக்கும் நடுவுல கோழி, சரிவுப் புதர்ல சுண்டங்கோழி, புல்லுக்குள்ள சிவப்பு மூக்குள்ள ஒரு சின்னக் காடை, சின்னச் சின்னக் கூட்டமா. இப்படி ஒரு ஏற்பாடு.

2018-ல வெளியான ஒரு ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வெச்சு சுமார் 40 வருஷத்துல பழனிமலைத் தொடர் எப்படி மாறிச்சுன்னு அளந்தது. இயற்கைப் புல்வெளியில 66 சதவீதம் போச்சு. சோலைக்காட்டுல 31 சதவீதம் போச்சு. திரும்பப் படிங்க. மூணுல ரெண்டு பங்கு புல். ஒரு காலத்துல மலையில அதிகமா இருந்ததே புல்வெளி தான், இன்னைக்கு அது அரிதாகி, துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. அதோட இடத்தைப் பிடிச்சதுல முதல் இடம் தொழிற்சாலைத் தேவைக்காக நட்ட சீகை, தைலமரம், பைன் தோப்புகளுக்கு. ரெண்டாவது இடம் விரிஞ்சுக்கிட்டே போன விவசாயத்துக்கு.

இதுல ஒரு நேர்மை வேணும். அதிக அழிவு மரத்தோப்பால தான், உழவால இல்லை. ஆனா நான் உழவைப் பத்திப் பேசுறதுக்குக் காரணம், அது நம்ம தட்டுக்கு நேரா வர்ற விஷயம்.

பூம்பாறையும் பூண்டும்

கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறைன்னு ஒரு ஊர். அங்க இருக்குற குழந்தை வேலப்பர் கோயில் நம்மில் பலருக்குத் தெரியும். மூலவரைப் போகர் செஞ்சாருங்கிறது நம்பிக்கை. ஊரைச் சுத்தி மலைச்சரிவு முழுக்க படி வெட்டின மாதிரி வயல், பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பக்கத்துப் பூண்டு தான் கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் இந்த மாதிரி ஊர்கள்ல இருந்து தான் கீழ இறங்குது. அந்த விவசாயிங்களைக் குத்தவாளியா காட்டுறதுக்கு இந்தப் பதிவு இல்லை. அவங்க தலைமுறை தலைமுறையா அங்க இருக்குறவங்க, வேலப்பருக்கு நம்மை விட நெருக்கமானவங்க.

பிரச்சினை உழவு இருக்குறதுல இல்லை, உழவுக்கு ஓரமே இல்லாம போறதுல இருக்கு. இதைப் புரிஞ்சுக்க வள்ளியம்மைகிட்ட போவோம்.

வள்ளி என்ன வேலை பார்த்தா? தினைப்புனம் காத்தா. பரண் மேல நின்னு ஆலோலம் பாடிப் பறவையை விரட்டினா. யோசிச்சா வேடிக்கையா இருக்கும். நம்ம அம்மாவோட தொழிலே பறவைக்கு எதிர்த்தரப்பு! ஆனா அந்த விவசாயம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. காட்டுல ஒரு துண்டை வெட்டி எரிச்சு, சாம்பல்ல தினை விதைச்சு, மண்ணு சலிச்சதும் அதை அப்படியே விட்டுட்டு வேற துண்டுக்குப் போவாங்க. விட்ட நிலத்துல முதல்ல புல் வரும், அப்புறம் புதர் வரும், பல வருஷம் கழிச்சு மரம் வரும். அந்தப் புல்லும் புதரும் இருக்குற வருஷங்கள் தான் காட்டுக்கோழிக்கும் காடைக்கும் பொற்காலம். விளையுற மாசத்துல விரட்டினாலும், வருஷம் பூரா பக்கத்துலயே இடம் இருந்தது. விரட்டினா போய் ஒதுங்க ஒரு பக்கம் இருந்துச்சு.

இன்னைக்கு ஆலோலம் சொல்ல ஆளே வேண்டாம். ஒரே நிலத்துல வருஷத்துக்கு ரெண்டு மூணு போகம், இடைவெளி கிடையாது. வரப்புல புல் நின்னா களைக்கொல்லி. சரிவுல மிச்சம் இருந்த புல்லுத் துண்டையும் சேர்த்து உழுதாச்சு. பழையபடி புனக்காடு வெட்டணும்னு நான் சொல்லல, இத்தனை கோடி மக்களுக்கு அது நடக்காத காரியம். ஆனா அந்த முறையில தானா கிடைச்ச ஒரு விஷயத்தை, இப்போ வேணும்னே விட்டு வெச்சா தான் கிடைக்கும். வயல் ஓரத்துல ரெண்டு அடி புல், மருந்து படாத ஒரு பட்டை, உழாம விட்ட ஒரு மூலை. பறவை குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

இன்னொண்ணு, மலைப் புல்வெளி ஒருமுறை உழுதுட்டா சும்மா விட்டாலும் பழையபடி சீக்கிரம் திரும்பாது. ரொம்ப காலமா மண்ணுக்குள்ள உறைஞ்ச வேர்க்கூட்டம் அது. திரும்ப முளைக்கிறது பெரும்பாலும் சீகையும் வேண்டாத களையும் தான்.

கீழே, மக்காச்சோளக் காட்டுல

மலையை விட்டு இறங்கினா பழனி, ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் மானாவாரி நிலம். இது கௌதாரியோட ராஜ்ஜியம். சோளமும் கம்பும் கொள்ளும் போட்டு, அறுத்த பிறகு தாள் நிக்க விட்டு, அடுத்த மழை வரைக்கும் காஞ்சு கிடக்குற நிலம் அதுக்கு உயிர். வேலியோரம் கள்ளியும் முள்ளும் அதுக்கு வீடு. விடிகாலையில ரெண்டு கௌதாரி மாறி மாறிக் கத்துற சத்தத்தைக் கேட்டே எழுந்த தாத்தா பாட்டி உங்க வீட்லயும் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

இப்போ அந்தப் பக்கம் ஏக்கர் ஏக்கரா மக்காச்சோளம். அது யாருக்கு? பெரும்பகுதி பல்லடம், நாமக்கல் கோழிப் பண்ணைத் தீவனத்துக்கு. அதாவது கூண்டுக்குள்ள இருக்குற கோழிக்குத் தீனி போட, வெளிய இருந்த கோழிச் சாதியோட இடத்தை எடுத்துக்கிட்டோம். இதை வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

"மயில் நிறைய இருக்கே?"

இந்த இடத்துல நிச்சயமா ஒருத்தர் கேட்பீங்க. எங்க ஊர்ல மயில் பெருகிடுச்சு, மொட்டை மாடி வரைக்கும் வருது, அப்போ இயற்கை நல்லா தானே இருக்குன்னு. "முருகன் அருளால் மயில்கள் பெருகுகின்றன"ன்னு பார்வர்ட் கூட வந்துச்சு.

மயில் பெருகினது உண்மை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல வந்த அறிக்கை, 942 வகைப் பறவைகளை ஆராய்ஞ்சது. அதுல மயில் நல்லா அதிகரிச்ச பறவைகள்ல ஒண்ணு. அதே அறிக்கை தான் புல்வெளி மாதிரி திறந்த வெளியை நம்பி வாழ்ற பறவைகள் மோசமா குறைஞ்சுட்டு வருதுன்னும் சொல்லுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது.

ஏன்? மயிலுக்கு எதுவும் ஒத்துப்போகும். வயல், தோப்பு, கருவேலங்காடு, ஊருக்குள்ள கோயில் நந்தவனம், எங்கயும் இருந்துக்கும். 1963-ல தேசியப் பறவை ஆச்சு, 1972 சட்டப்படி கடுமையான பாதுகாப்பு, மக்கள் மனசுலயும் பக்தி. ஒரு காலத்துல மயில் அதிகம் இல்லாத கேரளாவுலயும் இப்போ பரவிட்டு வருது, அங்க நிலம் வறண்டு வர்றதோட அறிகுறியா அதை ஆய்வாளர்கள் பார்க்குறாங்க. இங்க நிலக்கடலை, தக்காளி போட்டவர் மயிலால படுற கஷ்டம் தனிக் கதை. விஷம் வெச்சு மயில் செத்த செய்தியைப் படிக்கும்போது கோபப்படுறோம், சரி. அந்த விவசாயியோட நஷ்டத்தையும் ஒரு நிமிஷம் நினைக்கணும்.

ஆக மயிலை மட்டும் பார்த்து மலையோட உடல்நிலையை முடிவு பண்ண முடியாது. வாகனம் ஊரெல்லாம் சுத்துது, கொடியில இருக்குறவரோட உறவுக்காரங்களுக்கு ஒதுங்க இடம் சுருங்குது.

விதைப்பந்து போடலாமா?

தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தா பாதயாத்திரைக் குழுக்கள்ல இந்த யோசனை வருது: வழியில மலைச்சரிவுல விதைப்பந்து வீசிட்டுப் போவோம், முருகனுக்குப் பசுமைக் காணிக்கை. மனசு தங்கம், சந்தேகமே இல்லை. ஆனா எங்க வீசுறோம்ங்கிறது தான் கேள்வி.

புல் மட்டும் இருக்குற சரிவைப் பார்த்ததும் நமக்கு 'காலி இடம்'னு தோணுது. இந்தப் பார்வை நம்மளோடது மட்டும் இல்லை. அரசாங்கக் கணக்குலயே புல்வெளியையும் முட்புதரையும் 'தரிசு'ன்னு எழுதுற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து தொடருது. வரி தராத நிலம்னா வீண் நிலம். டேட்டா வேலை பார்க்குறவங்களுக்கு இது பழக்கமான தப்பு, நம்ம பட்டியல்ல பேர் இல்லாததை எல்லாம் காலிக் கட்டம்னு குறிச்சுடுறது. நான் சொன்ன பழனிமலை ஆய்வும் இதைத் தான் சுட்டிக்காட்டுது. மலையில காடு அழிஞ்சதுன்னு எல்லாரும் பேசுறாங்க, காட்டு மரத்தைத் திரும்ப நடணும்னு சொல்றாங்க, ஆனா அதிகமா போனது புல்வெளி, அதைப் பத்திப் பேச்சே இல்லை.

இயற்கையான புல்வெளியில மரம் நட்டா அது பசுமை சேவை ஆகாது. சீகையும் பைனும் செஞ்ச அதே வேலையை நாமளும் செய்றோம். புல் மறைஞ்சா முட்டை வைக்க மறைவு போச்சு. மழைத்தண்ணியைப் பிடிச்சு ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விடுற வேலையையும் அந்தப் புல்வெளி தான் செய்யுது. அந்த ஓடைத் தண்ணி தான் கீழ சண்முகநதி வரைக்கும் வருது.

அப்போ மரமே நடக்கூடாதா? நடலாம். ரோட்டோரம், கோயில் நந்தவனம், பள்ளிக்கூடம், ஊர்க் குளக்கரை, முன்னாடி மரம் இருந்து வெட்டின இடம். மலைச்சரிவுன்னா வனத்துறையைக் கேட்காம எதையும் வீசாதீங்க. வனப்பகுதிக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு எதையும் செய்ய சட்டமும் இடம் கொடுக்காது.

பங்குனி உத்திரம் வர்ற நேரமும் காட்டுக்கோழி அடைகாக்குற நேரமும் ஒண்ணு. காட்டோரமா நடக்குற குழுக்கள் இதை மனசுல வெச்சுக்கிட்டா போதும்: பட்டாசு வேண்டாம், சமைச்ச அடுப்பை நல்லா அணைச்சுட்டுக் கிளம்புங்க, காய்ஞ்ச புல்லுல பொறி விழுந்தா அத்தனை கூடும் ஒரே மணி நேரத்துல சாம்பல். மிச்ச சோறைக் கொட்டினா தெருநாய் கூட்டம் காட்டோரம் குடியேறும், தரைக்கூட்டுக்கு அதை விட பெரிய எதிரி கிடையாது.

தினைமாவும் தேனும் படைக்கிற வழக்கம் இருக்குறவங்க, தினையை முடிஞ்சா மானாவாரியா விளைவிக்கிற விவசாயிகிட்ட நேரா வாங்குங்க. கடை பாக்கெட்டை விட சில சமயம் விலை கூட இருக்கும். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, உங்க காட்டுல கௌதாரி கத்துதா?" பதில் என்ன வந்தாலும் குழுவுல எழுதுங்க, எந்த ஊர்னும் சேர்த்து. அடுத்த பாடத்துக்கு அது தான் எனக்கு வேணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!